பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு எம்.ஏ. மொழியியல் போகலாமா?

கம்பம்_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமம். பி.ஏ. தமிழ் கடைசி செமஸ்டர் எழுதப் போறேன். எங்க பாடத்திட்டத்துல மொழியியல்னு ஒரே ஒரு தாள் இருந்துச்சு. கூடப் படிச்சவங்க ஒலியன்னா பொருளை மாத்துற ஒலி, உருபன்னா பொருள் தர்ற மிகச் சின்னத் துண்டுன்னு மனப்பாடம் பண்ணி எழுதி, அதோட மறந்துட்டாங்க. எனக்கு மட்டும் அது மனசுல ஒட்டிக்கிச்சு. நன்னூல்ல எழுத்துகளோட பிறப்பு, இடைநிலைன்னு படிச்சதையெல்லாம் வீட்டுக்குப் பின்வாசல் வழியா வந்து பார்க்குற மாதிரி இருந்துச்சு.

வீட்ல பி.எட். போகச் சொல்றாங்க. அப்பா கேரளா பக்கம் ஏலக்காய் எஸ்டேட்ல கணக்கு எழுதுறார். "மொழியியல் படிச்சா என்னவா ஆவ?"ன்னு கேட்டார். கோபமா கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

படிச்சவங்க சொல்லுங்க. ரெண்டு வருஷமும் வகுப்புல உண்மையிலேயே என்ன நடக்கும்? நிறைய மொழி தெரிஞ்சிருக்கணுமா? எனக்குத் தமிழும், பக்கத்து வீட்டுப் பாட்டி பேசுற கன்னடம் கொஞ்சமும்தான் தெரியும். இங்கிலீஷ் புத்தகம் படிச்சா ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகுது. இந்த லட்சணத்துல போகலாமா?

---

தமிழாசிரியன்

தங்கச்சி, உன் ஆர்வம் நல்ல ஆர்வம். ஆனா நடைமுறையையும் ஒருத்தர் சொல்லணும். பள்ளிக்கூடத்துல மொழியியல்னு ஒரு பாடமே கிடையாது. பள்ளி வேலைன்னா உன் பி.ஏ. தமிழும் பி.எட்.டும் தகுதித் தேர்வும்தான் பேசும். கல்லூரி வேலைன்னா நெட்னு ஒரு தகுதித் தேர்வு எழுதணும், இல்லைன்னா பிஎச்.டி. முடிக்கணும். அதுக்கப்புறமும் மொழியியலுக்குன்னு தனித்துறை வெச்சிருக்குற கல்லூரி எத்தனைன்னு எண்ணிப் பார். பல்கலைக்கழகங்கள்லதான் துறை இருக்கு, அதுவும் விரல்விட்டு எண்ணுற அளவு. என் வகுப்புத் தோழர் ஒருத்தர் நல்ல ஆராய்ச்சியாளர். நாற்பது வயசு வரைக்கும் தொகுப்பூதியத்துலேயே ஓட்டினார். குடும்பத்துக்கு உடனே சம்பளம் வேணும்னா முதல்ல பி.எட். முடிச்சுடு. மொழியியல் எங்கேயும் ஓடிப் போயிடாது.

---

சேதுக்கரை

தாயி, உன் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் மொழியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். உன்னைப் போலவே பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு, கையில் ஒரு தகரப் பெட்டியோடு சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கியவள். மேலே தம்பி சொன்னது அத்தனையும் உண்மை, அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் "வகுப்பில் என்ன நடக்கும்" என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம் கடற்கரை. எங்கள் பேச்சில் ழ கிடையாது. மளை பெய்யும், வாளப்பளம் தின்போம். ஆறாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குத் தமிழ் வாழ்த்துப் பாடத் தேர்ந்தெடுத்தார்கள். ஒத்திகையில் என் வாயிலிருந்து "தமிள்" என்று வந்ததும் வரிசையிலிருந்து விலக்கிவிட்டார்கள். அன்றைக்கு அழவில்லை. ஆனால் கல்லூரி முடிகிற வரைக்கும் ழ வரும் சொல் எதையும் நாலு பேர் முன்னால் சொன்னதில்லை. மழை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தூறல் என்பேன்.

எம்.ஏ. முதல் செமஸ்டரில் ஒலியியல் செய்முறை வகுப்பு. பேராசிரியர் ஒரு கிண்ணத்தில் கரித்தூளை நல்லெண்ணெயில் குழைத்து வைத்திருந்தார். பஞ்சு சுற்றிய குச்சியால் அதை நாக்கு முழுக்கத் தடவிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரே ஒரு சொல். சொல்லி முடித்ததும் வாயைத் திறந்தபடியே சின்னக் கண்ணாடியை உள்ளே காட்டி மேலண்ணத்தைப் பார்க்க வேண்டும். நாக்கு எங்கே தொட்டதோ அங்கே கறுப்பு பதிந்திருக்கும். தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி "ஆல்" என்றாள். மேல்பல்லுக்குப் பின்னால் கறுப்பு. வாயைக் கழுவிவிட்டு "ஆள்" என்றாள். கறுப்பு பின்னால் தள்ளி, அண்ணத்தின் மேட்டில் விழுந்தது. மறுபடி கழுவிவிட்டு "ஆழ்" என்றாள். அண்ணத்தின் நடுவில் ஒன்றுமே இல்லை! இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லோரம் மட்டும் லேசான கோடு. ழ சொல்லும்போது நாக்கு மேலே வளைந்து போகிறது, ஆனால் நடுவில் எதையும் தொடுவதில்லை. அத்தனை வருஷம் தமிழ் படித்தவள், அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து என் முறை. "ஆழ்" என்றேன். கண்ணாடியில் பார்த்தால் ஆள் சொன்னவளுக்கு விழுந்த அதே இடத்தில் கறுப்பு. எனக்குக் கை நடுங்கியது. பேராசிரியர் கிட்டே வந்து பார்த்தார். தப்பு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. பலகைக்குப் போய், "இவருடைய பேச்சில் ள, ழ இரண்டும் ஒரே ஒலியன்" என்று எழுதினார். திரும்பி வகுப்பைப் பார்த்து, வேறு யாருக்கு ழ வேறு மாதிரி வருகிறது என்று கேட்டார். சென்னைப் பையன் ஒருவன் "எங்க தெருவுல வாயப்பயம்" என்றான். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, பலகையில் ஒரு தமிழ்நாட்டு வரைபடமே வந்துவிட்டது. கடைசியாக என்னிடம், "உங்க பாட்டி கிழவிங்கிறதை எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டார். என் பாட்டி பேச்சைப் பற்றி ஒரு படித்தவர் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதுதான் மொழியியல் வகுப்பு, தாயி. எப்படிப் பேச வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்கிறோம், கேட்டதில் ஒழுங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறோம்.

தாள்களின் பெயரைச் சொன்னால் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல், வரலாற்று மொழியியல், சமூக மொழியியல், களப்பணி. இப்போது கணினி மொழியியலும் சேர்ந்திருக்கிறது. வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியலில் முதல் மாதம் எல்லாருக்கும் தலை சுற்றும், பயப்படாதே. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வரலாற்று மொழியியலையும் களப்பணியையும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி கன்னடம் பேசுவார் என்று எழுதியிருக்கிறாய். அது எவ்வளவு பெரிய சொத்து என்று உனக்குத் தெரியவில்லை. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் சேரி, அங்கே கேரி. செம்மைக்கு அங்கே கெம்பு. சிறு என்பது கிறு. முன்னொரு காலத்தில் எல்லாமே ககரம்தான். அதற்கு அடுத்து இ, எ போன்ற முன்னுயிர் வந்த இடத்தில் தமிழ் அதைச் சகரமாக்கிக்கொண்டது, கன்னடம் பழையபடியே வைத்துக்கொண்டது. அப்படியானால் கிளி ஏன் சிளி ஆகவில்லை, கெடு ஏன் செடு ஆகவில்லை என்று நீ கேட்க வேண்டும். அந்த உயிருக்குப் பின்னால் ட, ள, ழ போன்ற நாவளை ஒலி வந்தால் மாற்றம் நடக்கவில்லை. கிழக்கு, கீழ், கிளை, கிண்ணம் என்று சொல்லிப் பார். விதி எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதுவரை பிடித்துவிடலாம். திராவிட மொழிகள் ஒரு குடும்பம் என்று சென்னையில் அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் எல்லிஸ் 1816-இல் எழுதினார். இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் 1856-இல் ஒப்பிலக்கணம் கொண்டுவந்தார். உன் பி.ஏ. பாடத்தில் இவையெல்லாம் ஆண்டுக் கணக்காக வந்திருக்கும். இந்தக் கிவி–செவியை நீயே கண்டுபிடிக்கும்போதுதான் அந்த ஆண்டுகளுக்கு உயிர் வரும்.

இரண்டாம் வருஷம் களப்பணிக்கு நீலகிரி போனோம். அங்கே வாழும் கோத்தர் பழங்குடியினருக்கு மொத்தமே ஏழு ஊர்கள். அங்கே ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நூறு அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கேட்டோம். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் காதைப் பிடித்துக்கொண்டு "கெவ்" என்றார். மொழியியலாளர் எமனோ 1930-களில் நீலகிரியில் எழுதிக்கொண்டு போன சொல். பர்ரோவும் அவரும் சேர்ந்து 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் செவிக்கு நேரே அச்சாகியிருக்கும் சொல். நூலகத்தில் அதை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். ஒரு மனிதர் வாயிலிருந்து மூச்சோடு வந்து விழுந்தபோது எனக்கு எழுதக் கை ஓடவில்லை. பெரியவர், "எழுதலையா?" என்று கேட்டார்.

அதனால்தான் ஒரு விஷயம் எனக்கு இன்றும் ஆறவில்லை. நான் பிறகு வேலை பார்த்த ஒரு துறையில், நிதி இல்லை என்று சொல்லிக் களப்பணியை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் விடுதி அறையிலேயே, பழைய ஆய்வேட்டிலிருந்து சொற்களை நகலெடுத்துக் களப்பணிக் குறிப்பேடு எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். நான் மூன்று வருஷம் கடிதம் எழுதினேன், பலனில்லை. கடைசியில் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்த நரிக்குறவர் குடியிருப்புக்கு என் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் அழைத்துப்போனேன். அவர்கள் பேசும் வாக்ரி போலி நம் தமிழ்க் குடும்பமே இல்லை, குஜராத்தி, இராஜஸ்தானி பக்கத்து இந்தோ-ஆரிய மொழி. அதைப் பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1970-இலேயே புத்தகம் வந்துவிட்டது. பாசி மணி கோத்துக்கொண்டே ஓர் அம்மா ஒன்று முதல் பத்து வரை எண்ணிச் சொன்னார். இருபது ரூபாய் டிக்கெட்டில் நடந்த களப்பணி அது. நீ எந்தத் துறைக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: களப்பணிக்கு வெளியே கூட்டிப் போவீர்களா?

நிறைய மொழி தெரிய வேண்டுமா என்றால், தேவையில்லை. தெரியாத மொழியின் முன்னால் பொறுமையாக உட்காரத் தெரிய வேண்டும். இங்கிலீஷ் விஷயம் உண்மையான கஷ்டம், மறைக்க மாட்டேன். புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். முத்துச்சண்முகன் எழுதிய 'இக்கால மொழியியல்' தமிழில் இருக்கிறது, அதில் தொடங்கு. தமிழில் புரிந்துகொண்டு இங்கிலீஷில் போனால் பக்கத்துக்கு அரை மணி என்பது பத்து நிமிஷமாகும். எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

இடங்கள்: அண்ணாமலையில் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் காலத்திலிருந்து துறை இருக்கிறது. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகப் போனாரே, அவர்தான் அண்ணாமலையில் துறையை வளர்த்தவர். கோவை பாரதியார், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் உண்டு. வெளியே என்றால் ஹைதராபாத், டெல்லி, ஜே.என்.யூ., புனே டெக்கான் கல்லூரி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கட்டணமும் தேதியும் வருஷா வருஷம் மாறும், அவரவர் இணையதளத்தில் பார்த்துக்கொள்.

போவதற்கு முன் ஒரு வீட்டுக் கணக்கு தருகிறேன். பதில் வந்தால் நீ போக வேண்டிய பிள்ளை. நாம் பேசும்போது படிச்சேன், அடிச்சேன், சிரிச்சேன் என்கிறோம். எழுத்தில் இருக்கும் த்த பேச்சில் ச்ச ஆகிவிட்டது. ஆனால் எடுத்தேன், குடுத்தேன், படுத்தேன் அப்படியே நிற்கின்றன. "எடுச்சேன்" என்று பச்சைப் பிள்ளைகூடச் சொல்லாது. தெரிஞ்சுச்சு என்கிறோம், விழுந்துச்சு என்கிறோம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே உனக்கு இது தெரிந்திருக்கிறது. விதி என்ன?

---

ஒலிக்கோப்பு

சேதுக்கரை அம்மா, "கெவ்" படிச்சு உடம்பு சிலிர்த்துடுச்சு.

வேலை பத்தி ஒரு வார்த்தை. நான் எம்.ஏ. மொழியியல், இப்ப சென்னையில ஒரு பேச்சுத் தொழில்நுட்பக் கம்பெனியில இருக்கேன். எங்களுக்கு வர்ற பெரிய தலைவலியே அம்மா கேட்ட கேள்விதான். ஜனங்க "படிச்சேன்"னு பேசுறாங்க, கணினிக்குக் கிடைச்ச எழுத்துத் தமிழ் எல்லாம் "படித்தேன்". இதுக்கு விதி எழுதுறது, ஊருக்கு ஊர் பேச்சைப் பிரிக்கிறது, ஒலிப்பதிவைக் கேட்டுக் குறியிடுறது, எல்லாத்துக்கும் ஆள் தேவை. தமிழுக்கு இன்னும் செய்ய வேண்டியது மலை மாதிரி கிடக்கு. பல மொழி வாக்கியங்களோட அமைப்பை ஒரே முறையில குறிச்சு வைக்கிற யுனிவர்சல் டிபெண்டன்சீஸ்ங்கிற திட்டத்துல முதல்ல சேர்ந்த தமிழ்த் தொகுப்புல 600 வாக்கியம்தான். மைசூருல நடுவண் மொழி நிறுவனத்துலயும் ஒப்பந்த அடிப்படையில அப்பப்ப ஆள் எடுப்பாங்க.

ஆனா தங்கச்சி, நிரந்தர வேலைன்னு நினைச்சு வராதே. பாதிக்கு மேல ஒப்பந்தம்தான். எம்.ஏ. படிக்கும்போதே பைத்தான்ங்கிற கணினி நிரல்மொழி கொஞ்சம் கத்துக்கோ. பிராட் (Praat)னு ஒலியை ஆராயுற ஒரு மென்பொருள் இலவசமாவே கிடைக்கும், உன் குரலையே பதிஞ்சு அலைப்படத்தைப் பாரு. இந்த ரெண்டும் தெரிஞ்ச மொழியியல் பிள்ளைங்க எங்களுக்கு லேசுல கிடைக்கிறதில்ல.

---

கம்பம்_மாணவி

அம்மா, ரெண்டு நாளா இதே நினைப்பு. ஒரு நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன்.

படி, அடி, சிரி, கடி, பிடி எல்லாம் இகரத்துல முடியுது, அதுக்கப்புறம் ச்ச வருது. எடு, குடு, படு எல்லாம் உகரத்துல முடியுது, த்த அப்படியே இருக்கு. ந்தவும் அதே மாதிரி: தெரி, அறி வந்தா தெரிஞ்சு, அறிஞ்சு. விழு, எழு, நட, மற வந்தா விழுந்து, எழுந்து, நடந்து, மறந்து. இகரத்துக்குப் பின்னால வந்தா தகரம் சகரமாகுது. சரிதானே? உங்க கிவி–செவியிலயும் இகர, எகரம் பக்கத்துல இருந்ததாலதான சகரம் வந்துச்சு!

ஆனா ஒண்ணு உதைக்குது. நெனச்சேன், வச்சேன், ஒடச்சேன். இங்க முன்னாடி அகரம்தான் இருக்கு, இருந்தும் ச்ச வருது. அப்புறம் தோட்டத்துல தண்ணி பாய்ச்சும்போது இன்னொண்ணு தோணுச்சு. "வாழை வளந்துச்சு"ன்னு சொல்றோம். காத்துல சாஞ்சா "வளஞ்சுச்சு"ன்னு சொல்றோம். ரெண்டுலயும் ள-வுக்குப் பின்னால ஒரே அகரம். ஒண்ணுல ந்து, ஒண்ணுல ஞ்சு. இது எப்படி?

பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட காதைத் தொட்டுக் கேட்டேன். "கிவி"ன்னாங்க. ஓடிவந்து எங்க வீட்டு அம்மாகிட்ட சொன்னேன்.

அப்பாவும் இதையெல்லாம் செல்லுல படிச்சார். ஒண்ணும் சொல்லல. சாப்பிடும்போது "படிச்சேன், எடுத்தேன்"னு மெதுவா நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டார். அப்புறம் சிதம்பரத்துல விடுதிக் கட்டணம் எவ்வளவுன்னு விசாரிக்கச் சொன்னார்.

---

சேதுக்கரை

தாயி! வளந்துச்சு–வளஞ்சுச்சு இணையை நான் இத்தனை வருஷத்தில் வகுப்பில் கொடுத்ததே இல்லை. இனி எவரிடம் சொன்னாலும் உன் வாழைத் தோட்டத்தோடுதான் சொல்வேன்.

உன் விதி சரி. உதைக்கிற இடத்தை எழுத்தில் வைத்துப் பார்: நினைத்தேன், வைத்தேன், உடைத்தேன். வளர்ந்தது, வளைந்தது. இவற்றில் எங்கெங்கே ச்ச, ஞ்ச வருகிறதோ அங்கெல்லாம் முன்னால் ஐ இருந்திருக்கிறது. ஐயின் கடைசிப் பாதி இகரச் சாயல்தான். அந்தச் சாயல் தகரத்தைச் சகரமாக்கிய பிறகு, ஐ தேய்ந்து அகரமாகிவிட்டது. வளர்ந்ததில் இருந்தது ரகரம், அது சத்தமில்லாமல் விழுந்துவிட்டது, தகரத்தை ஒன்றும் செய்யவில்லை. எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்ற வரிசைதான் இங்கே விடை. இந்த வரிசை முறையைப் பற்றி எம்.ஏ.வில் ஒரு செமஸ்டர் முழுக்க வாதாடுவீர்கள். நீ தண்ணீர் பாய்ச்சும்போதே அதன் வாசலுக்கு வந்துவிட்டாய்.

அப்பாவிடம் சொல்: தம்பி எழுதியபடி பி.எட்.டையும் கைவிட வேண்டாம், எம்.ஏ. முடித்துவிட்டும் படிக்கலாம். விடுதிக்கு உதவித்தொகை பற்றித் துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்கச் சொல், போனில் கேட்டால் பதில் சரியாக வராது.

சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த நோட்டை மூடிவிடாதே. முதல் பக்கத்தில் தேதி, ஊர், பேசியவர் வயது, அவர் எந்த ஊரிலிருந்து கலியாணமாகி வந்தார், வீட்டில் யாருடன் எந்த மொழி பேசுகிறார், இத்தனையும் எழுது. பாட்டி பெயரை எழுதுவதற்கு முன் எழுதலாமா என்று அவரிடமே கேள். "கிவி" என்று அவர் சொன்னதைச் செல்லில் பதிந்துகொண்டாயா? இல்லையென்றால் நாளைக்குப் போய், மூன்று தடவை சொல்லச் சொல்லிப் பதிந்து வா. அடுத்து சேரி, சிறு, செம்மை கேள். அவர் தமிழ்ச் சொல்லையே திருப்பிச் சொன்னால் திருத்தாதே, அப்படியே எழுதிக்கொள்.